இடைவேளை அக்கா போட்ட கிளிப்

அந்த ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளுக்குப் பெயர் இடைவேளை. சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. சின்னவர்கள் இடைவேளை அக்கா என்பார்கள். மூத்தவர்கள் வெறும் இடைவேளை. வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி ஏற்றிவரும் வேன் டிரைவர் மட்டும் உற்சாகமான நாட்களில், "என்ன இன்டர்வல், மணி அடிச்சாச்சா?" என்பார்.

பெயர் சும்மா வரவில்லை. மதிய ஷிப்டில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. லாண்டரிக்குச் சில ஸ்டாப்புகள் முன்னால் ஒரு தியேட்டர் இருந்தது. காலைக் காட்சிக்குப் போய் உட்காருவாள். படம் பாதியில் நின்று விளக்குகள் எரியும்போது மற்றவர்கள் டீ குடிக்க எழுவார்கள், அவள் வேலைக்குப் போக எழுவாள். அப்போது பஸ் ஏறினால்தான் ஷிப்டுக்குச் சரியாக இருக்கும். லீவு நாளில் போய் முழுசாகப் பார்க்கலாமே என்று கேட்டவர்களிடம், "லீவு நாள்ல யாரு சும்மா இருக்கா?" என்று திருப்பிக் கேட்பாள். முதலில் அம்மா வீட்டுத் துணி, பிறகு கணவன் வீட்டுத் துணி, பிறகு மகளின் பள்ளிச் சீருடை. கணவர் ஐஸ் கிடங்கில் இரவுக் காவல், பகலில் தூங்குகிறவர். சினிமா என்றால் அவருக்கு ஆகாது. "பாதிப் படத்துக்கு எவனாவது முழு டிக்கெட் எடுப்பானா?" என்பதோடு அவருடைய சினிமா விமர்சனம் முடிந்துவிடும்.

ஆனால் அவள் பாதிப் படம்தான் பார்த்தாள் என்று சொல்வது சரியில்லை. மீதிப் பாதி பஸ்ஸில் ஓடும். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், கதாநாயகி விட்ட இடத்திலிருந்து எழுந்து நடக்க ஆரம்பிப்பாள். லாண்டரி ஸ்டாப் வருவதற்குள் படம் முடிந்தாக வேண்டும் என்பதால் கதை இங்கே அங்கே சுற்றாது. வழியில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டால் கூடுதலாக ஒரு பாட்டு. டிரைவர் அவசரக்காரராக இருந்தால் வில்லன் சீக்கிரம் திருந்திவிடுவான். அவள் இறங்கும்போது எல்லோரும் சேர்ந்திருப்பார்கள், அல்லது சேர முடியாதவர்கள் நல்லபடியாகப் பிரிந்திருப்பார்கள்.

அவளுக்கு வேலை மடிப்புப் பிரிவில். பெரிய விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. இருவர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விரித்து, உதறி, நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போக வேண்டும், மறுபடி வர வேண்டும். ஷிப்டு முழுக்க ஒரே ஆளின் முகம் கிட்டத்தில் வரும், தூரத்தில் போகும். பேசாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அங்கே எல்லோரும் பேசியது சினிமா. சம்பளத்தைப் பேசினால் வயிறு எரியும், மாமியாரைப் பேசினால் செய்தி வீட்டுக்குப் போய்விடும், சினிமா யாருக்கும் கெடுதல் செய்யாது.

கெடுதல் செய்யாத அந்தச் சினிமாதான் ஆண்டுக்கு ஒருமுறை அந்த லாண்டரியை இரண்டாகப் பிளக்கும்.

ஆண்டு இறுதியில் துணி இருப்பைச் சரிபார்க்கும் வாரம் ஒன்று உண்டு. அந்த வாரம் வேலை கொஞ்சம் இளைப்பாறும். டிரையர் கூடத்துக்கும் துணிக் கிடங்குக்கும் நடுவில் இருக்கும் நடையில் ஒரு கயிறு கட்டுவார்கள். சோப்புத்தூள் அட்டைப் பெட்டியை வெட்டி, அட்டைக்கு ஒரு படமாகப் பெயர் எழுதி, கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஆளுக்கு மூன்று மரக் கிளிப். பிடித்த படத்தின் அட்டைக்குப் பக்கத்தில் கிளிப்பை மாட்ட வேண்டியதுதான். மூன்றையும் ஒரே படத்துக்குக் குத்தினாலும் சரி, பிரித்துப் போட்டாலும் சரி. வாரக் கடைசியில் எண்ணி, உலகத்திலேயே சிறந்த படம் எது, அடுத்தது எது என்று வரிசைப்படுத்துவார்கள். உலகத்திலேயே என்றுதான் சொல்வார்கள். அதில் யாரும் சமரசம் செய்துகொண்டதில்லை.

விதி ஒன்றே ஒன்று. அதை வைத்தவர் பாய்லர் அண்ணன். நீராவி கொதிக்கும் இடத்தில் வேலை பார்ப்பதால் அவருடைய கண்டிப்புக்குத் தனி மரியாதை. "முழுசா பாத்த படத்துக்குத்தான் கிளிப். பாதி பாத்துட்டு, டிரெய்லர் பாத்துட்டு, அடுத்த வீட்டுக்காரன் சொன்னான்னு எவனும் வரக்கூடாது."

அந்த விதியால் லாண்டரியிலேயே அதிகம் படம் பார்த்த ஒருத்திக்கு ஓட்டு இல்லாமல் போயிற்று. அவளுக்கும் மூன்று கிளிப் கொடுப்பார்கள், கணக்கு சரியாக வர வேண்டுமே என்று. அவள் அவற்றை ஏப்ரன் பையில் போட்டுவைப்பாள், வாரம் முடிந்ததும் திருப்பித் தருவாள். எந்தக் கட்சியும் இல்லாதவள் என்பதால் எண்ணும் பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். அது மரியாதைதான். ஆனால் முனையோடு முனை சேர்க்கும்போது எதிரில் இருப்பவள் "நான் மூணையும் பாலம் படத்துக்கே குத்திட்டேன்கா" என்று மூச்சு வாங்கச் சொல்வாளே, அந்த மூச்சு இவளுக்கு வாய்க்கவில்லை. ஒரு வருஷம் யாரோ பாவப்பட்டு, அக்காவுக்கு அரை ஓட்டாவது கொடுக்கலாம் என்றார்கள். பாய்லர் அண்ணன் ஒரு கிளிப்பைக் கையில் எடுத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒற்றைக் குச்சியைக் கயிற்றில் வைத்துக் காட்டினார். அது கீழே விழுந்தது. "பாதி கிளிப் நிக்காதும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தச் சிரிப்பு அவளுக்குக் கசந்தது.

கட்சிகள் இரண்டு: பாலம், குதிரை. போஸ்டரில் அந்தப் படங்களுக்கு நீளமான பெயர்கள் இருந்தன, யாருக்கு ஞாபகம்? குதிரைப் படம் வேன் டிரைவர்களின் சொத்து. லாண்டரிக்குள் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் பாலம் கட்சி. கடைசி வரை இழுபறியாக இருந்து, ஒவ்வொரு வருஷமும் பாலமே ஜெயிக்கும். ஜெயிக்க வைத்தது ஒரே ஒரு காட்சி. செருப்பு சீன் என்று சொன்னாலே போதும், ரோலரில் விரிப்பு தேய்க்கும் அம்மாவின் கண் கலங்கிவிடும்.

பாலம் படத்தின் முதல் பாதியை அவள் பார்த்திருந்தாள். ஆற்றில் பாலம் கட்டுகிறார்கள். அண்ணனும் தம்பியும் அங்கே வேலை. ஒரு விபத்துக்குத் தம்பிமேல் பழி விழுகிறது, அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தம்பி படகேறி அக்கரைக்குப் போய்விடுகிறான். அம்மா பாதி கட்டிய பாலத்தின் விளிம்பில் வந்து நிற்கிறாள். அக்கரையில் தம்பி முதுகைக் காட்டி நிற்கிறான். நடுவில் தண்ணீர். அங்கே இடைவேளை.

அன்றைக்குப் பஸ்ஸில் அவள் கட்டி முடித்த பாலம் இது: திறப்பு விழாவுக்கு முதல் நாள், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், அம்மா தனியாகப் பாலத்தில் நடந்து வருகிறாள். சரியாக நடுவில் நிற்கிறாள். செருப்பைக் கழற்றி, அக்கரையைப் பார்க்க வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பிப் போகிறாள். தம்பி வருகிறான். செருப்பைப் பார்க்கிறான். அம்மா பாதித் தூரம் வந்துவிட்டாள், மீதிப் பாதி தன்னுடையது என்று அவனுக்குப் புரிகிறது. செருப்பை நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கிறான். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அன்று தன்னோடு மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "இப்படித்தான் முடியும்னு நினைக்கிறேன்" என்று சொன்னாள். அந்தப் பெண் சீக்கிரமே கல்யாணமாகி வேலையை விட்டுப் போய்விட்டாள். கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் ரோலர் அம்மா அவளிடம் சொன்னார்: "பாலம் படத்துல அந்த அம்மா செருப்பக் கழட்டி நடுவுல வெச்சுட்டு திரும்புவா பாரு, அடடா."

அவள் கையிலிருந்த விரிப்பு தரையில் விழப் பார்த்தது.

அப்படியானால் சரியாகத்தான் யோசித்திருக்கிறாள். தான் பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்ததையே, எங்கோ ஒரு பெரிய டைரக்டரும் நினைத்து எடுத்திருக்கிறார். அதைவிட வேறென்ன வேண்டும்? அதற்குப் பிறகு அந்தப் படத்தின் இரண்டாம் பாதியைப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. யாராவது செருப்பு சீனைப் புகழ்ந்தால், தன் பிள்ளையைப் புகழ்ந்ததுபோல் தலையைக் குனிந்துகொள்வாள்.

தியேட்டர் இடிந்து, அங்கே கட்டில் மெத்தைக் கடை வந்தது. மகள் வளர்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் காலேஜ் முடித்து, ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். "போன்லயே எல்லாம் இருக்கும்மா, முழுசா பாரு" என்று போனை அம்மா கையில் கொடுத்தாள். இவளும் பார்த்தாள். ஆனால் இடைவேளை என்று எழுத்து வந்ததும் விரல் தானாகப் படத்தை நிறுத்திவிடும்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"மீதி எனக்குத் தெரியும்டி."

"பாக்காம எப்படித் தெரியும்?"

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். மகளோ எதற்கும் பதில் தெரியாமல் விடுகிறவள் இல்லை. பின்னாலேயே வந்தாள். "நீ பாத்ததெல்லாம் எதுலயுமே கணக்குல வரலயேன்னு உனக்கு வருத்தமா இல்லயா?" என்று கேட்டாள். காலேஜ் படித்துவிட்டு, படித்ததெல்லாம் எதில் கணக்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்த பெண் அவள். அதே கேள்வியை அம்மாவிடமும் கேட்டாள். அம்மா பாத்திரத்தைத் துடைத்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "இந்த வருஷம் ஒரு கிளிப்பாவது போட்டுடணும்."

அந்த வருஷம் வாக்குப்பதிவு சூடாகத்தான் நடந்தது. எண்ணுவதற்கு முந்தின நாள், கயிற்றில் பாலமும் குதிரையும் தோளோடு தோள் நின்றன. மறுநாள் மதியம் அவள் ஷிப்டுக்கு வந்து நடையில் நுழைந்தபோது, கயிற்றில் படங்களுக்குப் பதிலாகப் பச்சைக் கவுன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆபரேஷன் தியேட்டர் கவுன்கள், சொட்டச் சொட்ட, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒவ்வொரு கவுனையும் இரண்டிரண்டு ஓட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன.

காலையில் டிரையர் நின்றுவிட்டதாம். சூப்பர்வைசர் புதியவர், வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அட்டைகளை அழகாக அடுக்கி மேஜைமேல் வைத்திருந்தார். "டிரையர் நின்னா என்ன பண்றதுன்னு தவிச்சுட்டேன். நீங்க முன்யோசனையா கயிறும் கட்டி கிளிப்பும் மாட்டி வெச்சிருந்தீங்க. மேல சொல்லி உங்களுக்கெல்லாம் பாராட்டு வாங்கித் தரேன்" என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"பாலம்தான் முன்னாடி இருந்துச்சு, நான் பாத்தேன்."

"உன் கண்ணுல சோப்பு. குதிரை தாண்டிப் போயிடுச்சு."

"ஏன், நேத்தே எண்ணித் தொலைச்சிருக்கக் கூடாது?" என்று ஒரு டிரைவர் அவளைப் பார்த்துச் சொன்னார். "ஓட்டு போடாதவங்களுக்கு என்ன தெரியப்போவுது."

அது சுருக்கென்று தைத்தது. அவள் ஏப்ரன் பையில் கையை விட்டாள். மூன்று கிளிப்பும் அங்கேதான் இருந்தன. ஊரில் எல்லா ஓட்டும் ஈரமாகிவிட, அவளுடையது மட்டும் காய்ந்து கிடந்தது.

"ரெண்டு படத்தையும் எல்லாரும் சேந்து பாப்போம்" என்றாள். "ஞாயித்துக்கிழமை காலையில, கிடங்குல. பாத்துட்டு அங்கேயே புதுசா போடுங்க. பழச வெச்சு சண்டை போட்டா விடியவே விடியாது."

"பாக்கறது எதுலக்கா? போன்லயா?"

"இவ்ளோ விரிப்ப வெச்சுக்கிட்டு திரைக்கா பஞ்சம்?"

அவளுடைய உள்கணக்கு வேறு. நாலு பேர் நடுவில் உட்கார்ந்துவிட்டால் விரல் எதையும் நிறுத்த முடியாது. பாலத்தை முழுசாகப் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டால் விதிப்படி கிளிப் போடலாம்.

விஷயம் தெரிந்ததும், கவுனுக்குப் பரிகாரமாகச் சூப்பர்வைசரே கிடங்குச் சாவியைக் கொடுத்தார், தானும் படம் பார்க்க வந்தார். மகள் டியூஷன் சென்டரிலிருந்து புரொஜெக்டரைக் கேட்டு வாங்கி வந்தாள். இரண்டு பெரிய விரிப்புகளை ரோலர் அம்மா நடுவில் தைத்து, சுருக்கமே இல்லாமல் தேய்த்துத் தந்தார். கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் தியேட்டர் இருட்டு. துணிமூட்டைகள்தான் இருக்கைகள். பின்வரிசை மூட்டைக்குத்தான் போட்டி அதிகம்.

முதலில் குதிரை. சொன்னபடியே இருந்தது. டிரைவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, குதிரை ஆற்றைத் தாண்டும்போது விசிலடித்தார்கள். பாலம் கட்சிக்காரர்களும் தாளம் போடத்தான் செய்தார்கள். "நல்ல குதிரைதான்" என்று பாய்லர் அண்ணன் பெருந்தன்மையாகச் சொன்னார். "ஆனா செருப்பு கிட்ட நிக்குமா?"

டீ குடித்துவிட்டுப் பாலம் போட்டார்கள். ஆறு, தூண்கள், அண்ணன், தம்பி. அவளுக்கு ஒவ்வொரு காட்சியும் பழகிய தெரு. அம்மா பாதிப் பாலத்தின் விளிம்பில் வந்து நின்றாள். இடைவேளை என்று எழுத்து விழுந்தது.

அவள் எழுந்துவிட்டாள். எழுந்து, பையைத் தோளில் மாட்டி, கதவுப் பக்கம் இரண்டு எட்டும் வைத்துவிட்டாள். பின்வரிசையிலிருந்து வேன் டிரைவர், "எங்க இன்டர்வல், பஸ் போயிடுமா?" என்றார். கிடங்கே குலுங்கியது. மகள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது.

தம்பி ஒரு பெரிய நகரத்தில் இருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பனிமலையில் ஒரு பெண்ணோடு பாடினான். கான்ட்ராக்டர் கெட்டவன் என்று தெரிந்தது. கிடங்கில் சண்டை, அதைவிடப் பெரிய கிடங்கில் இன்னொரு சண்டை. அம்மாவுக்குத் தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோயிற்று. செருப்பு வரும், இதோ வரும் என்று எல்லோரும் மூட்டை நுனிக்கு வந்து காத்திருந்தார்கள். பாலம் கட்டி முடித்தார்கள். ரோலர் அம்மா முந்தானையைக் கண்ணருகே தயாராக வைத்துக்கொண்டார். கான்ட்ராக்டர் பொத்தானை அழுத்தினான். பாலம் வெடித்துச் சிதறியது. ஹெலிகாப்டரில் தொங்கியபடி தம்பி அம்மாவைக் காப்பாற்ற, அம்மாவுக்கு ஞாபகம் வர, எல்லோரும் ஒரு போலீஸ் ஜீப்பின் முன்னால் நின்று சிரித்தார்கள். வணக்கம்.

விளக்கைப் போட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"செருப்பு எங்க?" என்றார் ரோலர் அம்மா.

"வெட்டிட்டாங்க" என்றார் பாய்லர் அண்ணன். "டிவிக்காக வெட்டுவாங்க. எனக்குத் தெரியும்."

"இது வெட்டாத படம் மாமா" என்றாள் மகள். "பாலமே வெடிச்சிடுதே, அப்புறம் எங்க நடப்பாங்க?"

வேன் டிரைவர் மூட்டைமேல் சாய்ந்துகொண்டார். "வருஷா வருஷம் ஹெலிகாப்டர்கிட்டயா எங்க குதிரை தோத்துச்சு? அண்ணே, நீங்க அந்த சீனச் சொல்லிச் சொல்லி அழுவீங்களே. எதப் பாத்து அழுதீங்க?"

பாய்லர் அண்ணன் கழுத்தைத் துடைத்தார். விதியை எழுதியவருக்கு வேர்த்தது. "நான் பாத்தேன். ரெண்டாம் பாதில கொஞ்சம்... நைட் ஷிப்டு முடிச்சுட்டு நேரா போயிருந்தேன். ஏசி தியேட்டர் வேற."

"தூங்கிட்டீங்க."

"கண்ண மூடினேன்னு சொல்லு." பிறகு ரோலர் அம்மா பக்கம் திரும்பினார். "இந்தம்மா சொல்லித்தான் எனக்கு அந்த சீன் ஞாபகம் வந்துச்சு."

ரோலர் அம்மா மடிப்புப் பிரிவுப் பெண்களைக் காட்டினார். கைக்குழந்தை அழுததால் அவர் பாதியில் வெளியே வந்துவிட்டாராம். மீதிக் கதையை மடிப்பில் யாரோ சொன்னார்களாம். மடிப்பில் ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டினாள், அவள் வேறொருத்தியை. மூலையில் இருந்தவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "கல்யாணம் ஆகிப் போச்சே ஒரு பொண்ணு, அவதான் எனக்குச் சொன்னா. அவளுக்கு ஜோடியா அப்ப மடிச்சது யாரு?"

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

அவளுக்குக் காது சுட்டது. எந்த டைரக்டரும் அவளைப்போல் யோசிக்கவில்லை. அது அவள் நினைத்தது மட்டும்தான். சொல்லாத பொய்க்குப் பிடிபட்டவள்போல், கிளிப் இருந்த தோள்பையைப் பிடித்துக்கொண்டாள். முழுப் படத்தையும் பார்த்தாயிற்று, இப்போது விதிப்படி கிளிப் போடலாம். ஆனால் அந்த ஹெலிகாப்டருக்கா?

"நான்தான் சொன்னேன்" என்றாள். "பஸ்ல வரும்போது நினைச்சது. படத்துல இருக்குன்னு நான் சொல்லல. நீங்க எல்லாம் சொன்னதும், இருக்குன்னு நானும் நம்பிட்டேன்."

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். சிரிக்கவில்லை. வேன் டிரைவர்தான் முதலில் எழுந்தார். இத்தனை வருஷம் தோற்றவர், பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவர் சோப்புத்தூள் அட்டை ஒன்றை எடுத்து, பேனாவை மகளிடம் நீட்டினார்.

"ஒரு அட்டை எழுதும்மா. அம்மா படம்னு போடு."

"அண்ணே, நீங்க குதிரை" என்றாள் இவள்.

"குதிரைதான். ஆனா ஹெலிகாப்டர்கிட்ட தோக்கல, உங்ககிட்ட தோத்தேன்னு இருக்கட்டும். வீட்ல சொல்லவாச்சும் கௌரவமா இருக்கும்."

பாய்லர் அண்ணன் கையை உயர்த்தினார். மானம் போன இடத்திலும் விதியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "முழுசா பாத்த படத்துக்குத்தான் கிளிப். இத யாரு முழுசா பாத்தது?"

"நான்" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "தியேட்டர்ல பாதி, பஸ்ல பாதி. நான் ஒருத்திதான் முழுசா பாத்திருக்கேன்."

அவர் யோசித்தார். உதட்டைக் கடித்தார். "சரி, உனக்கு உண்டு. ஆனா நாங்க பாக்கலயேம்மா. எங்களுக்குக் காட்டு."

அவள் திரைக்கு முன்னால் போய் நின்றாள். வாய் திறக்கவில்லை. வெறுங்கையோடு அவள் ஒருநாளும் கதை சொன்னதில்லை. வேன் டிரைவருக்கு அது எப்படிப் புரிந்ததோ, திரையை ஆணியிலிருந்து கழற்றி, இரண்டு முனையை அவள் கையில் கொடுத்து, மறு இரண்டைத் தான் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

"உதறுங்க" என்றாள். உதறினார். கதை வந்தது.

ஆறு வந்தது, தூண்கள் வந்தன. பழி விழுந்த இடத்தில் அவள் நடந்துபோய் முனையோடு முனை சேர்த்தாள். தம்பி படகேறியபோது பின்னால் வந்தாள். இடைவேளையில் நிற்கவில்லை. விரிப்பு பாதியாகி, காலாகி, சின்னதாகிக்கொண்டே வர, அம்மா பாலத்தில் நடந்தாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். அந்த இடத்தில் அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு, கையிலிருந்த முனையையும் டிரைவர் கையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்துவிட்டாள். அவர் விரிப்பைப் பிடித்தபடி தனியாக நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மடித்த விரிப்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவளை நோக்கி நடந்து வந்தார்.

ரோலர் அம்மா மூக்கை உறிஞ்சினார். "இதேதான். இதத்தான் நான் பாத்தேன்."

"இப்ப எல்லாரும் முழுசா பாத்தாச்சு" என்றார் பாய்லர் அண்ணன். அவருடைய கண் திறந்துதான் இருந்தது, ஈரமாகவும் இருந்தது.

கயிறு கட்டினார்கள். அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். முதல் கிளிப்பை அவள்தான் போட வேண்டும் என்று விலகி நின்று வழிவிட்டார்கள். அவள் பையிலிருந்து எடுத்தாள். பல வருஷமாகக் கொடுத்து வாங்கியும் ஒருமுறைகூடத் திறக்காத கிளிப், அவள் கைக்கென்றே ஒதுங்கிப்போனது. ஸ்பிரிங் துரு ஏறி இறுகிக் கிடந்தது. இரண்டு விரலுக்கு மசியவில்லை. இரண்டு கையாலும் அழுத்தித் திறந்து கயிற்றைக் கவ்வ வைத்தாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. மற்ற இரண்டையும் அதே அட்டைக்குக் குத்தினாள்.

அதற்குப் பிறகு அந்த அட்டையின் பக்கம் கயிறு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிளிப் ஏறியது. கயிறே அந்தப் பக்கம் தொய்ந்தது. குதிரை இரண்டாவது. டிரைவர் தன் மூன்றில் ஒன்றைக் குதிரைக்குப் போட்டார். சாப்பாடு போட்ட வீட்டுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்றார். போஸ்டரில் நீளப் பெயர் போட்ட பாலம் படத்துக்கு ஒரே ஒரு கிளிப் விழுந்தது. புதிய சூப்பர்வைசர் போட்டது. அவருக்கு ஹெலிகாப்டர் பிடித்திருந்தது.

வழக்கம்போல அவள்தான் எண்ணினாள். மகள் பக்கத்தில் நின்று எழுதப் பேனாவைத் திறந்தாள். அவள் ஒவ்வொரு கிளிப்பாகத் தொட்டுக்கொண்டே வந்து, தன்னுடையதைத் தொட்டபோது நின்றாள்.

"என்னம்மா, விட்டுப்போச்சா?"

"இல்லடி" என்றாள். "சேத்துட்டேன்."

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மகள் அருகில் உட்கார்ந்து, "அண்ணன் என்னம்மா ஆனான்? வாயே திறக்காம இருந்தானே, அவன்?" என்று கேட்டாள்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கட்டில் மெத்தைக் கடை பின்னால் போனது. வீட்டு ஸ்டாப்புக்கு இன்னும் தூரம் இருந்தது.

"சொல்றேன் கேளு" என்றாள்.